மெடிக்கலுக்கு முன் ஓர் எண்ணெய்க் குளியல்

எழுத்துத் தேர்வில் தேறியாயிற்று. ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல் எல்லாம் முடிந்தாயிற்று. சான்றிதழ்களையும் சரிபார்த்துவிட்டார்கள். தீயணைப்புத் துறைக் காக்கிக்கும் எனக்கும் நடுவில் பாக்கி இருந்தது மெடிக்கல் மட்டும்தான். அதில் கழித்துவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது. அடுத்த அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். தென்காசி ஹார்டுவேர் கடையில் ஆணியை எடைபோட்டுக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

இதன் அருமை எங்கள் ஊரில் யாருக்குத் தெரிகிறது? கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "என்னடே, பாம்பு பிடிக்கப் போறியாம்லா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் தீயணைப்பு வண்டி பாதி நாள் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கத்தான் வரும். இல்லையென்றால் தென்னை உச்சியில் கூடு கட்டிய கதண்டு வண்டுகளை அழிக்க வரும். "ஆமா அண்ணாச்சி, நாளைக்கு ஒங்க வீட்டுக்குள்ள பாம்பு நுழைஞ்சா நாந்தான் வரணும். பாத்துப் பேசுங்க" என்று திருப்பிக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். அதனால் பட்டதும் உண்டு, பிழைத்ததும் உண்டு.

என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்து, என்னோடேயே எல்லாவற்றிலும் தேறிய கூட்டாளி ஒருத்தன் உண்டு, சுரண்டைக்காரன். மெடிக்கல் தேதி வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே வேலை, யார் யாரை எதற்காகக் கழித்தார்கள் என்று கேட்டு வந்து என்னைப் பயங்காட்டுவது. "ஏலே, ஒருத்தனுக்குக் கால்ல நரம்பு சுருட்டியிருந்துச்சாம், தூக்கிட்டாங்க. இன்னொருத்தனுக்கு முட்டி ரெண்டும் இடிக்காம், அவனும் வெளிய."

உடனே நாங்கள் இருவரும் கண்ணாடி முன்னால் நின்று முட்டியைச் சேர்த்துப் பார்ப்போம். பாதம் தட்டையாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, காலை நனைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடந்து, தடத்தைக் குனிந்து பார்ப்போம். நடுவில் வளைவு தெரிந்தால் நிம்மதி. தரை காய்ந்ததும் சந்தேகம் வந்துவிடும், மறுபடியும் காலை நனைப்போம். என் மனைவி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு கோட்டிக்காரப் பயலுவ வீட்டைச் சேறாக்குதாங்க."

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு அங்கேயே ரத்த அழுத்தமும் பார்த்துச் சொல்வாள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டைக் கொடுக்கப் போன என்னையும் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். இயந்திரம் நின்றதும் அவள் முகம் மாறியது. இன்னொரு தரம் சுற்றினாள். உதட்டைக் கடித்தாள்.

"என்னட்டி?"

"கூட இருக்கு."

"எவ்வளவு?"

"கழிச்சிருவாங்க, அவ்வளவு."

அந்த நொடியிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. உப்பைக் குறைத்தாள். ஊறுகாயைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தாள். தினமும் அளந்தாள். பட்டை கையில் ஏறி இறுக்கும்போதே நெஞ்சு தடதடவென்று அடிக்கும், அளவு ஏறும். அளவு ஏறியதைப் பார்த்ததும் பயம் கூடும், மறுநாள் இன்னும் ஏறும். "நீ தொட்டா ஏறுது, வேற யாராவது பாத்தா எறங்கும்" என்றேன். "ஆமா, மெடிக்கல்ல ஒங்க அம்மா வந்து பாக்கப் போறாங்க" என்றாள். பெரிய டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னாள். பிரஷர் இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆலங்குளத்திலிருந்து என் அத்தான் வந்தார். அக்கா புருஷன். நல்ல மனுஷன், ஆனால் எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே பதில்தான். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மாப்ள, இது பிரஷருமில்ல மண்ணுமில்ல. சூடு. நாலு மாசமா வெயில்ல ஓடிருக்க, கயித்துல தொங்கிருக்க, மண்டையில சூடு ஏறி நிக்கு. குத்தாலத்துல நல்லா எண்ணெய் தேச்சு அருவியில நின்னா எல்லாம் எறங்கிரும். சீசனும் நல்லாருக்கு. கிளம்பு."

நான் படித்தவன்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பிறந்தவனிடம் குற்றாலத்துத் தண்ணீர் எதையாவது குணமாக்கும் என்று சொன்னால் அவன் எதிர்த்துப் பேசமாட்டான். காய்ச்சல் விட்டவன், கல்யாணம் நின்றுபோனவன், பரீட்சையில் தோற்றவன் எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள். மனைவியிடம் சொன்னால் விடமாட்டாள் என்று தெரியும். அவள் கடைக்குப் போனதும் அத்தானின் பைக்கில் ஏறிவிட்டேன்.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவியில் எண்ணெய் தேய்க்கிறவர் என்னைப் பலகையில் குப்புறப் போட்டு, முதுகில் தட்டிய தட்டில் மூச்சு நின்று வந்தது. அத்தான் பக்கத்தில் நின்று, "பையனுக்கு மெடிக்கல் இருக்கு அண்ணாச்சி, சூடு நல்லா எறங்கணும்" என்று சிபாரிசு செய்தார். அந்த மனிதரும் உற்சாகமாகிவிட்டார். தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வெதுவெதுப்பான எண்ணெயை இடது காதில் ஊற்றினார்.

"காதுல எதுக்கு?" என்றேன்.

"காதுல விடாம சூடு எப்படி எறங்கும்? சும்மா கெடங்க."

சொட்டுச் சொட்டாக இல்லை, நிறையவே விட்டார். வலது காதுக்கு வருவதற்குள் வேறு ஆள் வந்து அவரைக் கூப்பிட்டதால் அது தப்பியது. அப்படியே எழுந்து அருவிக்குப் போனோம். கூட்டத்தை இடித்துக்கொண்டு, தண்ணீர் கனமாக விழுகிற இடத்துக்கு அத்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "இங்கன நில்லு, இங்கனதான் வேகம்" என்று கத்திக்கொண்டே என் பிடரியைப் பிடித்து அழுத்தினார். தண்ணீர் இடதுபக்கத்து மண்டையில் மொத்து மொத்தென்று விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு சிரித்தேன். அவ்வளவு சுகம். உடம்பிலிருந்து பயமெல்லாம் கழுவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. வெளியே வந்து சுக்குக் காப்பி குடித்தோம். வீட்டுக்கு வந்து அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன்.

காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. தலையை ஆட்டினேன், ஒற்றைக் காலில் குதித்தேன், மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதினேன். அசையவில்லை. மனைவி குளிக்கப் போன நேரத்தில் பஞ்சுக் குச்சியை விட்டுக் குடைந்தேன். அது போதாதென்று தீக்குச்சியை விட்டும் குடைந்தேன். சாயங்காலம் காது வலியில் தெறிக்க ஆரம்பித்தது. மெடிக்கலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. ரத்த அழுத்தத்துக்குப் பயந்து போய் உள்ளதையும் கெடுத்துக்கொண்டு வந்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அவளுக்குத் தெரியக் கூடாது என்று வலதுபக்கம் அவள் இருக்கும்படியாகவே பார்த்துப் பார்த்து உட்கார்ந்தேன். ஆனால் எத்தனை நேரம்தான் அப்படித் திரும்பிக்கொண்டே இருப்பது? சாப்பிடும்போது இடதுபக்கம் வந்து நின்று என்னமோ கேட்டிருக்கிறாள். நான் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று என் காதுக்குப் பக்கத்தில் விரல் அசைவது ஓரக்கண்ணில் பட்டது. விரலைச் சொடுக்கிப் பார்க்கிறாள். நான் மெல்லத் திரும்பினேன்.

"காது கேக்கல, என்ன?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அப்புறம் பிடித்துக்கொண்டாள்.

"தெனமும் கடையில வாரவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லுதேன், காதுல எண்ணெய் விடாதீங்க, குச்சி விடாதீங்கன்னு. எம் புருஷன் குத்தாலத்துக்குப் போய் ஊத்திட்டு வந்திருக்காரு! யாரு சொன்னா?"

"அத்தான்."

"ஒங்க அத்தானா மெடிக்கலுக்குப் போறாரு? அவருக்கென்ன, ஆலங்குளத்துல போய்க் காலை நீட்டிப் படுத்துக்கிடுவாரு. நாமல்லா அனுபவிக்கணும்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள் திட்டியதைவிட அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே காது டாக்டரிடம் போனோம். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய்க் குளியலா?" என்றார். தலையாட்டினேன். "சீசன் வந்துட்டா எனக்கு இதான் பொழப்பு" என்று சலித்துக்கொண்டார். காது அழுக்கு எண்ணெயிலும் தண்ணீரிலும் ஊறி உப்பிவிட்டது. நான் குடைந்த குடைச்சலில் உள்ளே புண்ணாகி வீங்கியும் இருக்கிறது. இப்போது கையை வைத்து எடுக்க முடியாது, சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்.

"சவ்வு எப்படியிருக்கு டாக்டர்?" என்று கேட்டாள் என் மனைவி. எனக்கு அதைக் கேட்கவே தெரிந்திருக்கவில்லை.

"தெரியலம்மா, வீக்கம் மறைக்கு. அருவி அடிச்சதுலயோ குச்சி பட்டோ ஓட்டை விழுந்திருந்தா மெடிக்கல்ல எடுக்க மாட்டாங்க. விழுந்திருக்கா இல்லையான்னு வத்தினப்புறம்தான் சொல்ல முடியும்."

மெடிக்கல் அன்று வரைக்கும் வற்றவில்லை.

தேதியை மாற்ற வழியில்லை என்று தெரிந்ததும் சுரண்டைக் கூட்டாளி ஒரு யோசனை சொன்னான். காதுப் பரிசோதனையில் டாக்டர் பின்னால் நின்று, மெல்லிய குரலில் ஓர் எண்ணைச் சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "நான் வரிசையில ஒனக்கு எதிர்த்தாப்ல நிக்கேன். அவங்க சொல்லுததை வாயசைச்சுக் காட்டுதேன். நீ என் வாயைப் பாத்துச் சொல்லிரு. சோலி முடிஞ்சுது." எனக்கு அது பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

அன்று ஜட்டியோடு வரிசையில் நின்றோம். வெளியே சாரல். சிமெண்டுத் தரை சில்லிட்டு, எல்லாருக்கும் தொடை நடுங்கியது. குளிரிலா பயத்திலா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டியைப் பார்த்தார்கள், பாதத்தைப் பார்த்தார்கள், இருமச் சொன்னார்கள். எழுத்துப் பலகையைப் படித்தேன். புள்ளிப் புள்ளியாக இருந்த வண்ணப் படத்தில் ஒளிந்திருந்த எண்ணைச் சொன்னேன். எனக்கு முன்னால் போனவன் அதே படத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ரத்த அழுத்தத்துக்கு நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றியபோது என் நினைப்பெல்லாம் காதிலேயே இருந்தது. "நார்மல்" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். எனக்குப் புரியவில்லை. "என்ன சிஸ்டர்?" என்றேன். "நார்மல்தான், போங்க" என்றார். எதற்காகக் குற்றாலத்துக்கு ஓடினேனோ அது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. எனக்கு அங்கேயே அத்தானைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது.

காதுக்கு வயதான டாக்டரம்மா ஒருவர். சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். சுவரோரமாக, எனக்கு எதிரே, சொன்னபடி கூட்டாளி நின்றுகொண்டிருந்தான். முதலில் இடது காதை அடைத்து வலது காதைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. திருப்பிச் சொன்னேன். சரி. பிறகு ஓர் உதவியாளர் என் வலது காதை விரலால் அழுத்தி அடைத்தார்.

நின்றேன். ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் சுற்றியது. டாக்டரம்மா சொல்லிவிட்டாரா, இனிமேல்தான் சொல்லப்போகிறாரா என்றே தெரியவில்லை. எதிரே கூட்டாளியின் வாய் அசைந்தது. வாயைத் திறந்தான், உதட்டை ஒட்டினான், பிறகு விரித்தான். நாற்பத்தேழு. அட்சரம் பிசகாமல் தெரிந்தது. என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. நாற்பத்தேழு என்று சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம், காக்கி போடலாம்.

அப்போதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு மாதம் கையில் தோல் உரிய உரியக் கயிறு ஏறியவன் நான். ஒருத்தன் வாயைப் பார்த்துக்கொண்டு ஊமை மாதிரி நிற்கவா? எண்ணெய் தேய்த்தவர் மேல், அத்தான் மேல், தீக்குச்சியை எடுத்த என் கைமேல், எல்லார்மேலும் ஒட்டுமொத்தமாகக் கோபம் வந்தது.

"கேக்கல மேடம்! ஒண்ணுமே கேக்கல!" என்று கத்திவிட்டேன்.

அது நேர்மை என்று யாராவது சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்று என் வாயைத் திறந்தது கோபம்தான். டாக்டரம்மா என்னைத் திருப்பி நிறுத்தி, விளக்கைப் பிடித்துக் காதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். குற்றாலம், எண்ணெய், குச்சி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புண் ஆறியபின் மறுபரிசோதனைக்கு வரும்படி தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். "அன்னைக்கும் கேக்கலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது தம்பி" என்றார்.

கூட்டாளி எல்லாவற்றிலும் தேறிவிட்டான். வெளியே வந்ததும் என் முதுகில் ஓங்கி அறைந்தான். "கூறுகெட்ட பயலே, நான் வாய் வலிக்க வலிக்கச் சொல்லுதேன், நீ கேக்கலைன்னு ஊரைக் கூட்டுத!" என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது. இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி திட்டவில்லை. "சரி, படுங்க, மருந்து விடணும்" என்றாள். நான் பக்கவாட்டில் படுத்தேன். சொட்டு மருந்தை விட்டுவிட்டுப் பாட்டிலை மூடாமலேயே நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். "ஒருவேளை கெடைக்கலைன்னா?" என்றேன். "கெடைக்கும்னும் சொல்ல மாட்டேன், கெடைக்காதுன்னும் சொல்ல மாட்டேன். அசையாமப் படுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டேதான் குளியல், அதுவும் கழுத்துக்குக் கீழேதான். கடையில் வலதுபக்கம் வந்து பேசச் சொல்லி வாடிக்கையாளர்களை விரட்டினேன். அத்தான் ஒருநாள் போன் செய்து, "மாப்ள, பூண்டை நல்லெண்ணெயில காய்ச்சி ரெண்டே ரெண்டு சொட்டு..." என்று ஆரம்பித்தார். என் மனைவி போனைப் பிடுங்கினாள். "அண்ணே, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். இனிமே அவரு காதுல காத்துகூடப் போகாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காது டாக்டர் வீக்கம் வற்றியதும் அழுக்கை எடுத்தார். சவ்வில் ஓட்டை இல்லை என்றார். என் மனைவி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் சத்தம் முழுசாகத் திரும்பவில்லை, பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து கேட்பதுபோலத்தான் இருந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் நீர் இருக்கிறது, சிலருக்குச் சீக்கிரம் வடியும், சிலருக்கு நாளாகும் என்றார். எனக்கோ நாள் இல்லை.

தினமும் அவள் பின்னால் நின்று மெல்லச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். சில எண்கள் வரும், சில வராது. "இப்ப சொன்னியா?" என்று நான் கேட்டால் அவள் பதில் சொல்லாமல் அடுத்ததைச் சொல்வாள். கூட்டாளிக்கு வேலை உத்தரவு வந்துவிட்ட செய்தி தெரிந்த பிறகு வீட்டில் செய்த அந்தப் பரிசோதனையையும் வேண்டாம் என்றுவிட்டேன். கேட்கவில்லை என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

மறுபரிசோதனை அன்று வரிசை இல்லை, நான் மட்டும்தான். என் மனைவி வெளியே வராந்தாவில் நின்றாள். அதே டாக்டரம்மா. அதே சுவர். இந்தத் தடவை எதிரே வாயசைக்க யாரும் இல்லை. உதவியாளர் வலது காதை விரலால் இறுக்கி அடைத்தார். மூச்சு விடுகிற சத்தம் குறுக்கே வந்துவிடுமோ என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

காத்திருந்தேன். எண் எதுவும் வரவில்லை. போச்சு, சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் விழவில்லை என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது எனக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, முடிவுகளைக் குறித்து எழுதுகிறவரிடம் தணிந்த குரலில் டாக்டரம்மா பேசுவது வந்தது.

"இந்தப் பையன்தானே அன்னைக்குக் கேக்கலைன்னு தானா ஒத்துக்கிட்டவன்?"

"ஆமா மேடம், நாந்தான்" என்றேன்.

பிறகு செருப்புச் சத்தம் என் பக்கமாக நடந்து வந்து நின்றது.

"நான் இன்னும் நம்பரே சொல்லலையேப்பா" என்றார்.

அதுவும் கேட்டது. உதவியாளர் என் வலது காதிலிருந்து இன்னும் விரலை எடுத்திருக்கவில்லை.